சாகா முதல் வீரா வரை: இஞ்சின் எண்கள் கூறும் வரலாறு

மலாக்கா மாநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சுல்தான்களையும் துறைமுகத்தையும் பேசி முடித்த பின் 1896ஆம் ஆண்டிற்கு வந்து சேர்வது வழக்கம். டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் வாணிக நோக்கோடு ரப்பர்க் கன்றுகளை நட்ட ஆண்டு அது. பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டிய கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். அக்கைகள் சேர்த்த பால் எங்கே போயிற்று என்று வினவினால், பெரும்பாலும் டயருக்குப் போயிற்று என்பதே விடை. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வெளிவந்த பிறகு, உலகின் சாலைகள் மலாயாவின் பாலை ஓயாது வேண்டி நின்றன. ஆயினும் டயருக்குப் பாலெடுத்தவன் தன் பெயரில் ஒரு கார் வாங்க ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் கழிய வேண்டியிருந்தது.

கார் கைக்கு வந்தபோது அதனோடு ஒரு புதிய கல்வியும் வந்தது. அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. ஒரு காரின் முகப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் இஞ்சின் எது, அது எந்தக் குடும்பத்தது, எந்த ஆண்டின் எந்த வடிவம், அதனோடு சேரத்தக்க கியர்ப்பெட்டி எது என்று அறுதியிட்டுக் கூறும் கல்வி அது. பழைய காருக்கு வேகம் கூட்ட விரும்பிய இளைஞர்க்கு இஃது இன்றியமையாததாயிற்று. இதில் பிழைபட்டவன் பல மாத ஊதியத்தை இழந்தான். சிற்சில வேளைகளில் காரையே இழந்தான்.

இக்கல்வி சாகா காரோடுதான் பிறந்தது என்று கருதிவிடலாகாது. 1950களில் கிராணியாரும் டிரசரும் பள்ளி ஆசிரியரும் விரும்பிய மோரிஸ் மைனர் காரிலேயே இதன் அரிச்சுவடி உண்டு. வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றமின்றி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கார், உள்ளே மூன்று முறை நெஞ்சை மாற்றிக்கொண்டது. 1948இல் 918 சிசி, 1952இல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. இரண்டாவது முதலாவதைவிடச் சிறியதாயிருந்தும் புதுமையானது. முன்னதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்தன. பின்னதில் தலைக்கு மேல் ஏறின. எனவே, அளவு ஒன்றையே கொண்டு இஞ்சினை மதிப்பிடுவோர் ஏமாறுவர் என்பதை அக்காலத்துப் பட்டறைக்காரர் அறிந்தேயிருந்தனர்.

மலேசியாவின் நாட்டுக் கார் நிறுவனமாகிய புரோட்டோன் 1983ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பதிவு பெற்றது. எழுபது விழுக்காட்டுப் பங்கு ஹைக்கோம் என்னும் அரசு நிறுவனத்துடையது. எஞ்சிய முப்பது விழுக்காடு ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனங்கள் இரண்டனுடையது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சாகா வெளியிடப்பெற்றது. சாகா என்பது மலாய்மொழியில் ஒரு மரத்தின் பெயர். அதன் செந்நிற விதையைத் தமிழர் மஞ்சாடி என்பர். பொன்னை நிறுக்க மஞ்சாடியை எடைக்கல்லாகக் கொண்ட தமிழ் மரபை நினைவுகூர்ந்தால், இப்பெயர் நமக்கு அயலானது அன்று.

சாகாவின் உடல் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை ஒட்டியது. இஞ்சினும் மிட்சுபிஷியின் ஓரியன் குடும்பத்தது. மிட்சுபிஷியார் தம் இஞ்சின் குடும்பங்களுக்கு விண்ணிலிருந்து பெயர் எடுத்தனர்: சாட்டர்ன், ஓரியன், சிரியஸ் என்பன அவற்றுள் சில. சாட்டர்ன் நம் சனிக்கோள். ஓரியன் மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய விண்மீன் கூட்டம். நாட்டுக் காரின் நெஞ்சு அயல்நாட்டது என்று அந்நாளில் ஏளனம் செய்தோர் உண்டு. அவ்வேளனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அயல் உறவே பின்னாளில் சிற்றூர்ப் பட்டறைகளுக்குப் பெரும் வாயிலைத் திறந்துவிட்டது என்பதை ஏளனம் செய்தோர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வாயிலின் திறவுகோல், இஞ்சினின் இரும்புடலில் மேல் விளிம்பையொட்டிப் பொறிக்கப்பெற்ற சில எழுத்துகளே. முதற் சாகாவில் அது 4ஜி13. இதைப் பதம் பிரித்தல் வேண்டும். 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை. ஜி என்பது பெட்ரோலைக் குறிக்கும். டீசலாயின் அவ்விடத்தில் டி வரும். 1 என்பது ஓரியன் குடும்பம். இறுதி 3 அக்குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பதைக் காட்டும். அடுத்து வருவது தனி இஞ்சினுக்குரிய தொடர் எண். புரோட்டோனுக்கு வந்த இஞ்சின்களின் குறியோடு பி என்னும் எழுத்தும் ஒட்டிக்கொண்டது.

4ஜி13-இன் உடன்பிறப்பு 4ஜி15. இரண்டிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 82 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம் மட்டும் முன்னதில் 71, பின்னதில் 75.5 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி, நான்கால் மீண்டும் பெருக்கினால், முன்னது 1298 சிசி என்றும் பின்னது 1468 சிசி என்றும் வரும். வெளியே நின்று நோக்குவார்க்கு இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். நாலரை மில்லிமீட்டர் வேறுபாடு தலையைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாது. பள்ளியில் உருளையின் கனஅளவைக் கணக்கு வராத பிள்ளை என்று பெயரெடுத்தவன், பட்டறையில் இதே கணக்கை விரல்நுனியில் வைத்திருந்ததுண்டு. கணக்கு வராதது பிள்ளைக்கா, கற்பித்த முறைக்கா என்பது ஆசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

1987இல் சாகாவுக்குப் பன்னிரண்டு வால்வு இஞ்சின் வந்தது. மேக்மா என்னும் பெயரும் சூடியது. அதற்கு முன் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக எட்டு வால்வுகள். பின்னர் மூன்றாகப் பன்னிரண்டு. குறியோ அதே 4ஜி13, அதே 4ஜி15. பெயர் மாறாமல் பொருள் மாறியது இங்கேதான் தொடங்குகிறது. வால்வு மூடியின் மேல் பன்னிரண்டு வால்வு என்று எழுதியிருக்கலாம். ஆனால் மூடி என்பது கழற்றி மாட்டத்தக்க ஒரு தகடு. பழைய இஞ்சினுக்குப் புதுச்சட்டை போட்டு விற்பார்க்கு அது வசதியாயிற்று. சட்டையைப் பார்த்து ஆளை நம்புவோர் எத்துறையிலும் உண்டு.

1992இல் ஈஸ்வராவும், 1993இல் வீராவும், அடுத்தடுத்துச் சத்ரியா, பெர்டானா, புத்ரா என்பனவும் வந்தன. ஈசுவரன், வீரன், சத்திரியன், பிரதானி, புத்திரன் என்று இப்பெயர்கள் அனைத்தும் வடமொழி வழியே மலாய்க்கு வந்து, நமக்கும் உறவாய் நிற்பன. இவற்றுள் நம் பொருளுக்கு முதன்மையானது வீரா. அது 1991இல் ஜப்பானில் வெளிவந்த லான்சரின் உடலைத் தழுவியது. அதே லான்சரின் உடலில்தான் மிட்சுபிஷியார் 1992 முதல் எவலூஷன் என்னும் பந்தயக் காரை வார்த்தனர். முதல் எவலூஷன் 250 குதிரைத்திறன், இரண்டாவது 260, 1995இல் வந்த மூன்றாவது 270. அஃதாவது, ஜாசின் சந்தைக்குக் குடும்பத்தை ஏற்றிச் சென்ற 1.5 லிட்டர் வீராவும், உலகப் பந்தயங்களில் ஓடிய எவலூஷனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இவ்வுண்மை இளைஞரிடையே பரவியபோது, அவர்கள் உறக்கம் கெட்டதில் வியப்பில்லை.

அக்காலம் தோட்டங்களும் மாறிய காலம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வெளிவந்த பிள்ளைகள் பத்து பெரெண்டாம், செங் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். பலர் பட்டறைகளில் கையாளாகச் சேர்ந்தனர். தவுக்கேயின் மொழியில் கேட்டு, மலாயில் விடை சொல்லி, தமிழில் தமக்குள் பேசிக் கற்றனர். பள்ளி ஏடுகளில் பாதியில் நின்றவர் என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோன இவர்கள், ஜப்பானியத் தொழிற்சாலைக் குறிகளைப் பிழையறப் படித்தனர். 2002இல் மலேசியரான கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் என்னும் காரை ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றபோது, இவர்கள் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்தக் காரும் பெயர் மாறிய எவலூஷனே என்பதை இவர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி, சிக்கலுக்கு வருவோம். எவலூஷனின் இஞ்சின் 4ஜி63, சிரியஸ் குடும்பத்தது, 1997 சிசி. கடையில் 4ஜி63 என்று பொறித்த இஞ்சின் ஒன்று கிடந்தால், அஃது எவலூஷன் இஞ்சினாகிவிடுமா?

சோழர் கல்வெட்டுகளைப் படித்தோர்க்கு இவ்வினா புதிதன்று. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் மாற்றி ஒருவர் சூடினர். விசயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் பராந்தகன் மீண்டும் பரகேசரி, பிற்காலத்து இராசேந்திரனும் பரகேசரியே. ஆதலின், கோப்பரகேசரி என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எம்மன்னனுடையது என்று எடுத்த எடுப்பில் கூற இயலாது. மதுரையை வென்றமை கூறும் அடைமொழி முன்னே நின்றால், பராந்தகன் என்று துணியலாம். அடைமொழி இல்லாதபோது எழுத்தின் வடிவம், ஆட்சியாண்டு, உடன் வரும் அதிகாரிகளின் பெயர்கள், கல் நின்ற இடம் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

4ஜி63 என்பதும் அத்தகைய பட்டமே. 1995இல் வந்த பெர்டானா இரண்டு லிட்டர் காரிலும் 4ஜி63 உண்டு. ஆனால் அதற்கு ஒரே கேம் தண்டு, டர்போ இல்லை. சரக்கு வேன்களிலும் எட்டு வால்வோடு அதே பெயர் உழைத்தது. காலன்ட் விஆர்4, எவலூஷன் ஆகியவற்றில் இருப்பது இரட்டைக் கேம் தண்டும் டர்போவும் உடைய வடிவம். அதனுள்ளும் பிரிவுண்டு: பழையவற்றில் கிராங்க் தண்டோடு ஃப்ளைவீலைப் பிணைப்பவை ஆறு ஆணிகள், 1992ஐ ஒட்டிய மாற்றத்திற்குப் பின் ஏழு. ஆணிகளை எண்ணுவது எளிது. எண்ண வேண்டும் என்று அறிவதே அரிது. ஆறுக்குரிய ஃப்ளைவீலை வாங்கி வைத்துக்கொண்டு ஏழுக்குரிய இஞ்சினைப் பிரித்தவன் நிலை இரங்கத்தக்கது.

இன்னொரு பொறியும் உண்டு. 1996இல் வந்த நான்காம் எவலூஷனில் மிட்சுபிஷியார் இஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒருசேர நூற்றெண்பது பாகை திருப்பி அமைத்தனர். பெயர் 4ஜி63 என்றே தொடர்ந்தது; திறனோ 280 ஆக உயர்ந்தது. புதியது, வலியது, விலையும் கட்டுப்படியாகிறது என்று அதை வாங்கினால், வீராவின் உடலில் தாங்கிகள் எதிர்ப்பக்கம் நிற்கும். முதல் மூன்று எவலூஷன்களின் இஞ்சினே வீராவுக்கு நெருங்கிய உறவு. பிந்தியது சிறந்தது என்னும் பொதுவிதி இவ்விடத்தில் செல்லாது.

4ஜி93-இன் கதையும் இதுவே. விட்டம் 81, ஏற்றம் 89 மில்லிமீட்டர், 1834 சிசி. ஒற்றைக் கேம் தண்டோடு ஒரு வடிவம். 1998இன் சத்ரியா ஜிடிஐ காரில் இருந்ததுபோல் இரட்டைக் கேம் தண்டோடு ஒன்று. லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் டர்போவோடு ஒன்று. 1996 முதல் எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஜிடிஐ முறையில் இன்னொன்று. சத்ரியாவின் ஜிடிஐ விளையாட்டுக் காரைக் குறிக்கும் வணிகப் பெயர். மற்றைய ஜிடிஐ எரிபொருள் முறையின் பெயர். ஆங்கிலத்தில் நடுவெழுத்தின் வேறுபாடே இரண்டையும் பிரிக்கிறது. தமிழில் எழுதினாலும் வாயால் சொன்னாலும் வேறுபாடே இல்லை. தொலைபேசியில் விலைபேசி முடிப்பதை அனுபவமுள்ளவர் ஏன் தவிர்த்தனர் என்பது இதனால் விளங்கும்.

டர்போ வடிவத்தை இனங்காண, டர்போ இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அதைக் கழற்றவும் மாட்டவும் கூடும். டர்போவுக்கு எண்ணெய் சென்று திரும்பும் வழிகள் இரும்புடலில் தொழிற்சாலையிலேயே அமைந்தவையா, பின்னர் எவரேனும் துளையிட்டவையா என்று நோக்க வேண்டும். டர்போவுக்குரிய பிஸ்டன் காற்றைக் குறைவாக அழுத்துமாறு செய்யப்பெற்றது. அழுத்தம் மிகுந்த சாதாரண இஞ்சினில் டர்போவை மட்டும் பூட்டி ஓட்டினால், எரிபொருள் பருவமறியாது வெடிக்கும், பிஸ்டன் உருகும்.

கியர்ப்பெட்டிக்கும் இலக்கணம் உண்டு. எஃப்5எம்22 என்பதில் எஃப் முன்சக்கர ஓட்டம். 5 கியர்களின் எண்ணிக்கை. எம் கையால் மாற்றுவது. 22 அதன் வகை. முதலெழுத்து டபிள்யூ ஆயின் நான்கு சக்கர ஓட்டம். முதல் மூன்று எவலூஷன்களில் இருந்த டபிள்யூ5எம்33 அத்தகையது. அதை முன்சக்கரக் காராகிய வீராவில் அப்படியே வைத்துவிட இயலாது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டும் பின்னச்சும் அதைத் தொடர்ந்து வர வேண்டும். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்பதும் இங்கே கருதத்தக்கது. சிறிய இஞ்சினின் கியர்ப்பெட்டி பெரிய இஞ்சினோடு பூட்டிக்கொண்டாலும், இருமடங்கு முறுக்குவிசையில் அதன் பற்கள் சிதறும்.

இவற்றையெல்லாம் ஐயமற உணர்த்தும் ஆவணம் ஒன்று உண்டு. இஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடைப்பட்ட தடுப்பில் தறையப்பெற்ற சிறு தகடே அது. காரின் வகை, இஞ்சின் குறி, கியர்ப்பெட்டியின் குறி, இறுதிப் பல்விகிதம், நிறம் அனைத்தும் அதில் உள்ளன. கியர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் 4592 என்றிருந்தால், அது 4.592 என்னும் விகிதம். புள்ளியைப் படிப்பவனே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வெண் பெரிதாயின் கார் விரைந்து கிளம்பும். சிறிதாயின் நெடுஞ்சாலையில் அலட்டாமல் ஓடும்.

இங்கேதான் ஹாஃப் கட் என்னும் வாணிகத்தின் அருமை விளங்குகிறது. ஜப்பானில் காலமுறைச் சோதனையின் செலவு மிகுதி. ஆதலின் நல்ல நிலையிலுள்ள கார்களையும் உரிமையாளர் விரைவில் கைவிடுவர். அவற்றை நடுவே வெட்டி, முன்பாதியைக் கப்பலேற்றி அனுப்பினர். இஞ்சின், கியர்ப்பெட்டி, மின்கம்பிக் கோவை, கணினிப் பெட்டி ஆகியவற்றோடு அந்தத் தகடும் சேர்ந்தே வந்தது. வெற்று இஞ்சினை மலிவாக வாங்கியவன், கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லை வாங்கியவனுக்கு ஒப்பாவான். எழுத்து இருக்கும், இடம் இராது. முன்பாதியை முழுமையாக வாங்கியவன் கூடுதல் விலை கொடுத்தான். ஆனால் பிறப்புச் சான்றும் பெற்றான்.

சட்டத்தின் கண்ணும் இவ்வெண்களின் மீதே இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் காரின் அடிச்சட்ட எண்ணும் இஞ்சின் எண்ணும் இடம்பெறும். இஞ்சினை மாற்றுவோர் இலாகாவின் அனுமதி பெற்று, காரைச் சோதனைக்கு உட்படுத்தி, புதிய எண்ணைப் பதிதல் வேண்டும். சாலை வரியும் சிசி அளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1298 சிசி என்றால் ஆண்டிற்கு 70 வெள்ளி. 1468 என்றால் 90 வெள்ளி. 1800ஐத் தாண்டினால் 280 வெள்ளியோடு, மிகையான ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. எனவே 4ஜி93-க்கு 297 வெள்ளி. 4ஜி63-க்கு 378 வெள்ளி 50 காசு. இவ்வேறுபாட்டை மிச்சப்படுத்த எண்ணிப் பதியாமல் ஓட்டியவர்கள் இருந்தனர். விபத்து நேர்ந்தபோது காப்புறுதி கைவிட்ட பின்னரே அந்த மிச்சத்தின் விலை அவர்களுக்குத் தெரிந்தது. எண் சுரண்டப்பட்ட இஞ்சினோ அதனினும் கேடானது. திருட்டுக் காரின் இஞ்சினாக இருக்கக்கூடும் என்பதால், அதை வைத்திருப்பவனே விடை சொல்லும் நிலைக்கு ஆளாவான். பொறித்த எழுத்தின் ஆழம் சீராக இருக்கிறதா, சுற்றியுள்ள பரப்பு பிற இடங்களைப் போலவே கரடுமுரடாக இருக்கிறதா என்று கைவிளக்கை வைத்து நோக்கிய பின்னரே முதிர்ந்த பட்டறைக்காரர் பணத்தை எடுக்கச் சொல்வர். வேகம் தேடிய இளைஞர்க்கு இந்தப் பொறுமை எளிதில் வருவதில்லை.

2000இல் வந்த வாஜாவில் ஓரியன் குடும்பத்தின் 4ஜி18, 1584 சிசி அளவில் இடம்பெற்றது. 2004இல் ஜென்2 காரோடு கேம்புரோ என்னும் சொந்த இஞ்சினைப் புரோட்டோன் வெளியிட்டது. அதன் குறிகள் வேறு இலக்கணம் உடையன. அதற்கு முந்திய ஆண்டாகிய 2003இல் அலோர் காஜாவை அடுத்த பெகோவில் ஹோண்டா நிறுவனம் கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. டயருக்குப் பால் தந்த வட்டாரத்திலேயே முழுக் கார்கள் உருவாகலாயின. முதற் சாகாவின் உடல் வடிவம் 2008இல் உற்பத்தியிலிருந்து நின்றது. இன்று அதனைப் பழைய வடிவிலேயே பேணிக் காக்க விரும்புவோர், பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒத்த, எட்டு வால்வு 4ஜி13 இஞ்சினையே தேடுகின்றனர். முன்னொரு நாள் பெரிய இஞ்சினுக்கு இடம்விடக் கழற்றிப் பட்டறையின் பின்புறத்தில் மழையில் எறிந்த அதே இஞ்சின்தான் அது.